அத்தான் அளந்த கடை

என் அக்கா வீட்டுக்காரரைப் போல நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

அத்தானுக்குப் பேருந்துப் பணிமனையின் உதிரி பாகக் கிடங்கில் வேலை. எந்த நட்டு எந்தப் பெட்டியில் கிடக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கிடைக்காத மரியாதை அவருக்கு இணையத்தில் கிடைத்தது. ஆர்வலர்கள் சேர்ந்து, சம்பளம் கிம்பளம் எதுவும் இல்லாமல், தெருத் தெருவாக வரைகிற வரைபடம் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், திருத்தலாம். அத்தானுக்குச் சோறு தண்ணி எல்லாம் அதுதான். விடுமுறை நாளில் அக்கா தன் கடையில் ஒற்றை ஆளாக மூட்டை இறக்கிக்கொண்டிருப்பாள். இவர் நாலு தெரு தள்ளி, எவனோ ஒருத்தன் கடைப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்த வரைபடத்தில் ஒரு கடைக்கு ஒரு வகைதான் குறிப்பார்கள். சண்டையே அங்கேதான். ஒரே கடையை ஒருவர் பேக்கரி என்பார், இன்னொருவர் டீக்கடை என்பார், மூன்றாவது ஆள் வந்து இனிப்புக் கடை என்று மாற்றிவிட்டுப் போவார். பெயிண்டும் ஆணியும் விற்கிற ஒரு கடைக்காக ஆர்வலர் குழுவில் மாதக்கணக்கில் வாய்ச்சண்டை நடந்தது. கடைசியில் அத்தான் ஒற்றைக்காலில் நின்று ஒரு விதியைக் கொண்டுவந்தார். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, கடைக்குள் எது அதிக இடத்தை அடைக்கிறதோ அதுதான் வகை. சந்தேகம் என்றால் படம் போட வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, தேர்தலில் ஜெயித்தவர்கூட அவரிடம் தோற்றுப்போவார்.

அக்கா வைத்திருந்தது மளிகைக் கடை. அரிசி, எண்ணெய், சோப்பு, வெங்காயம் என்று எல்லாம் கிடைக்கும். எதிரில் கோர்ட் இருந்ததால் வாசலோரம் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வாங்கிப் போட்டிருந்தாள். பழைய மெஷின், பீரோவைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் தாள் கட்டுகள், வக்கீல் குமாஸ்தாக்கள் வைத்து எழுத ஒரு மேசை. ஆனால் பிழைப்பு ஓடியது மளிகையில்தான்.

விதி வந்த கையோடு அத்தான் அளவு டேப்புடன் அக்கா கடையில் வந்து நின்றார்.

“என்னங்க, என் கடையையா அளக்கறீங்க?”

“எல்லாக் கடைக்கும் ஒரே சட்டம்தான். பொண்டாட்டி கடைன்னு விட்டா நாலு பேர் சிரிப்பாங்க.”

மேசையும் தாள் கட்டுகளும் சேர்ந்ததில், ஒரு சாண் வித்தியாசத்தில் மளிகையை மெஷின் ஜெயித்தது. அத்தான் அங்கேயே நின்று ‘ஜெராக்ஸ் கடை’ என்று குறித்தார். அக்கா சிரித்துக்கொண்டே, “போட்டுக்கோங்க, அதை யார் பாக்கப் போறாங்க” என்றாள்.

பார்த்தது நான் வேலை செய்கிற நிறுவனம். வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. திடீரென்று நிறுவனம் மளிகையிலும் இறங்கியது. செயலியில் யாராவது ஆர்டர் போட்டால் பக்கத்தில் இருக்கிற மளிகைக் கடைக்கு அது போகும். எவையெல்லாம் மளிகைக் கடை என்பதை அந்த இலவச வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அக்கா கடை அதில் இல்லை. ஆபீசில் போய்ச் சொன்னேன். “மேப்ல எப்படி இருக்கோ அப்படித்தான். அதுல நாங்க கை வைக்க முடியாது” என்றார்கள்.

ஆக, அக்கா கடைக்கு அடுத்த கட்டடத்தில் இருந்த மளிகைக் கடை வாசலில் நான் தினமும் வண்டியை நிறுத்திப் பைகளை ஏற்றினேன். அக்கா கல்லாவில் உட்கார்ந்தபடி பார்ப்பாள். முதலில் கையசைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொள்ள ஆரம்பித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன். “அத்தான், ஒரு தட்டு தட்டினா மாறிடும். மாத்திடுங்களேன்.”

“மச்சான், அந்த விதியை எழுதினதே நான். நானே மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்?”

“அப்ப மெஷினைக் கொஞ்சம் உள்ள தள்ளி, வாசல்ல வெங்காயத்தைப் பரப்பிடுவோம். ஒரு சாண்தானே?”

அத்தான் முகம் மலர்ந்தது. “அப்படின்னா விதிப்படி சரி.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “உள்ள தள்ளினா கோர்ட்டுக்கு வர்றவங்க வெங்காயத்தை மிதிச்சிக்கிட்டுத்தான் வரணும். தப்பு உங்க மேப்ல இருக்கு. நான் எதுக்குங்க என் கடையை மாத்தணும்?”

“மேப்ல தப்பே இல்ல. அளந்து போட்டது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அக்கா முகத்துக்காக விட்டேன்.

ஆட்கள் செயலிக்குப் பழகிவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர்கூடச் செயலியில் ஆர்டர் போட்டார். அக்கா ஈ ஓட்டினாள். வெங்காயம் அழுகியதும் காய்கறி வாங்குவதை நிறுத்தினாள். அப்புறம் எண்ணெய், அப்புறம் பருப்பு. கடைசி அரிசி மூட்டை விலைபோகாமல் வீட்டுக்கே வந்தது. தன் கடையில் விற்காத அரிசியைப் பெண்டாட்டி வடித்துப் போட, அதைச் சாப்பிட்ட பிறகுதான் அத்தானுக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லாமல் ‘மளிகைக் கடை’ என்று மாற்றினார்.

மறுநாளே அது பழையபடி ஜெராக்ஸ் கடை ஆகிவிட்டது. ‘நேர்கோடு’ என்ற பட்டப்பெயரில் எங்கேயோ இருக்கிற ஓர் ஆர்வலர் திருத்தியிருந்தார். கூடவே மரியாதையாக ஒரு குறிப்பும்: “ஐயா, விதிப்படி படம் போடுங்கள். உங்களுக்கே விதிவிலக்கு கேட்கிற ஆள் இல்லை நீங்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.”

அத்தான் படம் எடுக்கக் கடைக்கு வந்தபோது நானும் இருந்தேன். வாசலில் நின்று பார்த்தார், மூலையில் ஒடுங்கிப் பார்த்தார், ஸ்டூல் மேல் ஏறியும் பார்த்தார். எப்படி எடுத்தாலும் படத்தில் மெஷின்தான் பெரிதாக விழுந்தது. அலமாரியில் ஒரு வரிசை சோப்பு, மிச்சமெல்லாம் வெறும் பலகை.

கீழே இறங்கிக் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: “பக்கத்துக் கடையில நாலு மூட்டை கேட்டுப் பாரேன். அடுக்கி ஒரு படம் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடலாம்.”

இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

அது அக்கா காதில் விழுந்துவிட்டது. “வேணாங்க. நீங்க அளந்தப்ப இது மளிகைக் கடை. இப்பதான் ஜெராக்ஸ் கடை ஆயிருக்கு.”

அதற்குள் ஒரு குமாஸ்தா தாள்களை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். அக்கா எழுந்து அவற்றை வாங்கிக்கொண்டாள்.

“கொஞ்சம் நகருங்க” என்றாள் அத்தானிடம். “மெஷினை மறைக்கறீங்க.”