வேண்டாம் என்றவருக்கு ஒரு நன்றி

போன வெள்ளிக்கிழமை வண்ணாரப்பேட்டையில் காதர் பாய் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என்னை என்றால் என்னை மட்டுமல்ல. என் பார்ட்னர் அந்தோணியையும், ராயபுரத்தில் நாங்கள் சேர்ந்து நடத்தும் மைக் செட் கடையையும் சேர்த்துத்தான். பத்திரிகையில் எழுதினால் மட்டும் அடுப்பு எரிந்துவிடுமா என்ன? உங்களுக்குத் தெரியாததா!

காதர் பாய் பெரிய சாக்கு வியாபாரி. அவர் மகள் கல்யாணத்துக்கு மைக் செட், கலர் பல்பு இரண்டுக்கும் கொட்டேஷன் கொண்டுபோயிருந்தேன். அந்தக் கல்யாண வேலை அமைந்தால், எண்ணூர் வரைக்கும் உள்ள வியாபாரிகள் அத்தனை பேர் காதிலும் எங்கள் ஸ்பீக்கர் பாடியிருக்கும். அமையாவிட்டால்?

"நான் திங்கக்கெழம ஹார்பருக்கே போய்டுறேன் மாமு. பழைய எலக்ட்ரீஷியன் வேலைக்குத் திரும்பக் கூப்ட்டுகினு கீறாங்க. வூட்ல தெனம் ரோதனயா கீது" என்று அந்தோணி முதலிலேயே சொல்லியிருந்தான். அவன் போய்விட்டால் ஆம்ப்ளிஃபையரில் எந்தத் திருகு எதற்கு என்றுகூட எனக்குத் தெரியாது. கடையை மூட வேண்டியதுதான்.

பாய் என் கொட்டேஷனைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"தப்பா நெனைக்காதே ரைட்டரே. வியாசர்பாடியில நம்ம மச்சான் புள்ள புச்சா செட்டு வாங்கிக்கீறான். அவனுக்குக் குடுக்கலேன்னா வூட்ல பேஜாரு."

கடை போச்சு என்று தெரிந்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்வேனா? மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன் — பார்ட்டி மறுத்துவிட்டால் முகம் சுளிக்கக் கூடாது, சிரிக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். துரைமார்கள் அப்படித்தான் பிசினஸ் செய்வார்களாம். நாட்டை விட்டுப் போகும்போதுகூடக் கை குலுக்கிவிட்டுத்தானே போனார்கள்!

எழுந்தேன். சிரித்தேன். கை நீட்டினேன்.

"ரொம்ப நன்றி பாய். எனக்காக நேரம் ஒதுக்கினதே பெரிசு. கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

பாய் பிடித்த கையை விடவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான் பாய்."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா?"

"இல்லை பாய், வரேன்."

மனிதர் என் பண்பைக் கண்டு அசந்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன். ட்ராமைத்தான் நிறுத்திவிட்டார்களே, பஸ்ஸுக்குக் காத்து நின்று ராயபுரம் வந்து சேர்ந்தேன். அந்தோணியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்...

மறுநாள் சாயங்காலம் எங்கள் கடை வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவர் காதர் பாய்! கண் இரண்டும் சிவந்திருந்தது.

"ரைட்டரே, நேராவே கேக்குறேன். மன்சுல இன்னா வச்சினு கீறே? ஒயர அறுக்கப் போறியா? பத்திரிகையில எழுதப் போறியா?"

"சேச்சே! எழுதுவேனா பாய்?" என்றேன்.

"பின்ன, இல்லேன்னு சொன்னவனுக்கு எவனாச்சும் நன்றி சொல்வானா? ராத்திரி பூரா கண்ணே மூடல. பந்தலுக்கு ரெண்டு ஆள காவலுக்குப் போட்டுக்கீறேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் வேலை கிடைக்காத கான்ட்ராக்டர் கடை வாசலில் நின்று ஒரு பாட்டம் கத்தியாக வேண்டும். கொடுக்காதவர் பதிலுக்குக் கத்துவார். நாலு பேர் கூடுவார்கள். அப்புறம் டீ வரும். டீ குடித்துவிட்டால் இரண்டு பேர் மனதிலும் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கத்தாமல் போகிறவன்? ஒன்று, அவனுக்கு வேலையே தேவையில்லை. இல்லாவிட்டால் அவன் பயங்கரமான ஆள்.

இதைப் பாயிடம் எப்படி விளக்குவது என்று யோசிப்பதற்குள், உள்ளே ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்த அந்தோணி வெளியே வந்தான். அவனுக்குச் சேதியே இப்போதுதான் தெரியும்.

"இன்னாது? இல்லேன்னு சொல்ட்டியா? யோவ் பாய்! போன வருசம் மழையில உன் குடோனு இருட்டாப் பூட்சுன்னு எவன்யா ஓடியாந்தான்? உன் மச்சான் புள்ளயா வந்தான்? நேத்து செட்டு வாங்குனவன்! அவன் மைக்கு கூவுற கூவுல மாப்ள எழுந்து ஓடப் போறான் பாரு!"

தெருவே கூடிவிட்டது. பாயைப் பார்த்தேன். முகத்தில் அப்படியொரு நிம்மதி!

"யாரப் பாத்துக் கூவுறே? என் பொண்ணு கல்யாணம், என் இஸ்டம்!" என்று அவரும் சந்தோஷமாகக் கத்தினார். கத்தி முடித்து, மூச்சு வாங்க எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, அவரே டீ சொன்னார்.

"இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா ரைட்டரே? உனுக்கு வேலயே வோணாமோன்னு நெனச்சிட்டேன். கல்யாணத்து செட்டு மச்சான் புள்ளைக்குத்தான், அத்த மாத்த முடியாது. மறுநாள் மாப்ள வூட்டு வலிமா விருந்து கீது பாரு, அதுக்கும் செட்டு என் பொறுப்புதான், அது முழுக்க உங்களுது. ஊரே துன்ன வரும்."

திங்கட்கிழமை அந்தோணி ஹார்பர் பக்கமே போகவில்லை. கடை வாசலில் உட்கார்ந்து ஸ்பீக்கருக்கு பெயிண்ட் அடித்தான். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. இங்கிலீஷ் பத்திரிகையை எடைக்குப் போட்டேன்.

நேற்று திருவொற்றியூரிலிருந்து ஒருவர் வந்தார். தங்கை கல்யாண ரிசப்ஷனுக்கு மைக் செட் வேண்டுமாம். தேதியைக் கேட்டால், அதே வலிமா நாள். இருப்பது ஒரே செட். வருத்தத்தோடு முடியாது என்று சொல்லிவிட்டு, அவர் கத்துவதற்காகக் காத்திருந்தேன். டீக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தேன். அவர் எழுந்தார், சிரித்தார், "பரவாயில்லீங்க, ரொம்ப நன்றி" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆம்ப்ளிஃபையர் இப்போது அந்தோணியின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது!