களி அறுக்கும் நூல்

லவீனியா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், மேல்கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே அடுப்பில் தண்ணீர் ஏறிவிடும். அதற்குப் பிறகுதான் காலணி, தொப்பி, டிராம் ஓட்டுநரின் நீலச் சட்டை எல்லாம். தண்ணீர் கொதிப்பதற்குள் மூத்தவள் ஸ்மரந்தா பள்ளியில் யாரோடு சண்டை போட்டாள் என்ற கதை முடிந்திருக்கும். மூன்று வயது டிபியின் கைகள் சுத்தமாகியிருக்கும். பச்சைத் தக்காளி ஊறுகாய் ஜாடி மேசைக்கு வந்திருக்கும். மக்காச்சோள மாவைத் தூவித் துடுப்பால் கிண்டி, களி இறுகியதும் வட்டமான மரப்பலகையில் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்துவிடுவாள். தொட்டுக்கொள்ள உப்புப் பாலாடைக்கட்டி, புளித்த பாலேடு, ஆளுக்கொரு பொரித்த முட்டை. வாரநாள் இரவுச் சாப்பாடு அவ்வளவுதான்.

அவள் தங்கை இலிங்கா சமையலறைக் கதவோரம் நின்று இதை வாய் பிளந்து பார்ப்பாள். பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இந்த இலையுதிர்காலத்தில்தான் சொந்த ஊரான யாஷ் நகருக்குத் திரும்பியிருந்தாள். முதுகுப்பையை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. கப்பல் சமையலறைகளிலும் மலை விடுதிகளிலும் வேலை பார்த்தவள். பனிப்பாறை உடைந்து கடலில் சரிவதைப் பார்த்தவள். அப்போதுகூட இப்படி நின்றதில்லை.

"எப்படிக்கா மூச்சே வாங்காம செய்யறே?"

"என்னத்த செஞ்சுட்டேன்? களி கிண்டறேன். கயித்து மேல நடக்கறவளப் பாக்கற மாதிரி பாக்கறே. நகரு, முட்டை கருகுது."

லவீனியா எதையுமே அப்படித்தான் சொல்வாள். டிராம் பணிமனையில் அவள் முதலில் சேர்ந்தது பெட்டி கழுவும் வேலைக்கு. குளிரில் விரல் வெடிக்கும். கழுவி முடித்ததும் ஓட்டுநர் இருக்கையைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு வருவாளாம். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை போனபோது, "காலு எட்டுமா பாப்பா?" என்று கேட்டிருக்கிறார் தேர்வாளர். "எட்டலேன்னா கட்டை வெச்சிக்கறேன் சார், நீங்க கொஞ்சம் வழி விடுங்க" என்று ஏறி உட்கார்ந்தவள், அன்றைக்கு ஓட்டிய ஓட்டில் வேலையை வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள்.

கணவன் கோஸ்தின் லாரி ஓட்டுகிறவன், சனிக்கிழமைதான் வீட்டில் தலை காட்டுவான். அதனால் வாரநாட்களில் எல்லாம் அவள் ஒருத்திதான். நவம்பரில் அவளை மாலை வண்டிக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் சாப்பிடுகிற நேரத்தில் அவள் தண்டவாளத்தில் இருப்பாள்.

"நான் இருக்கேன்ல," என்றாள் இலிங்கா. "களிதானே?"

முதல் நாள் தக்காளிச் சாறு ஊற்றி நூடுல்ஸ் செய்தாள். டிபி வாயை இறுக மூடிக்கொண்டான். மறுநாள் களியே கிண்டினாள், தான் விடுதியில் கற்ற முறையில்: வெண்ணெய் போட்டு இளக்கமாக, கரண்டியால் தட்டில் ஊற்றி, மேலே பாலாடைக்கட்டியைப் பூவாகத் துருவி.

"இது களி இல்ல சித்தி, கஞ்சி," என்று சொல்லிக்கொண்டே ஸ்மரந்தா தட்டைக் காலி செய்தாள். டிபி தட்டைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். "இல்ல," என்றான். "அம்மா."

அன்றும் அவன் வெறும் வயிற்றோடு தூங்கினான்.

மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது லவீனியா நீலச் சட்டையின் பொத்தானைத் தப்பாகப் போட்டாள். கழற்றி மறுபடி போட்டாள். மறுபடியும் தப்பு.

"இன்னிக்கும் அவன் சாப்பிடலேன்னா நாளைக்கே பணிமனையில சொல்லிடப்போறேன். பழையபடி பெட்டி கழுவற வேலையே குடுங்கன்னு. அது பகல்லயே முடிஞ்சிடும்."

"அக்கா! மூணு வாட்டி முட்டி மோதி வாங்கின வேலை அது."

"வேலை என் புள்ள வயித்த ரொப்புமா? சொல்லு." கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "வண்டி நம்ம எதிர்த்தாப்புல நிக்கும் இல்ல, அப்ப மேல பாப்பேன். அவன் சாப்ட்டா வெறும் பலகைய ஜன்னல்ல வை. மணி அடிக்கறேன். பலகை இல்லேன்னா புரிஞ்சிக்கறேன்."

அன்று மாலை இலிங்கா கற்றதையெல்லாம் மறந்துவிட்டு அக்காவின் வழியிலேயே போனாள். கடையிலிருந்து வந்ததும் கோட்டோடு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் வைத்தாள். மாவைத் தூவினாள். கிண்டினாள். மணிக்கட்டு கடுத்தது. கொப்பளித்துத் தெறித்த களி புறங்கையைச் சுட்டது. விடாமல் கிண்டினாள், களி பாத்திரத்தின் ஓரத்தை விட்டு உருண்டையாகத் திரண்டு வரும்வரை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பலகையில் கவிழ்த்தாள்.

கண்ணைத் திறந்தபோது பலகை நிறைய மஞ்சள் நிலா ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அட, அம்மா களி மாதிரியே இருக்கே!" என்றாள் ஸ்மரந்தா. "ஓரம் மட்டும் கோணல்."

டிபி மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது தெருவில் தண்டவாளம் கிரீச்சிட்டது.

"அம்மா வண்டி! சித்தி, களிய தட்டுல தள்ளிட்டுப் பலகைய காமிச்சிடலாம்."

"உங்கம்மாகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்ல சித்தி. முன்கூட்டியே சொல்றோம்."

இலிங்காவின் கை பலகைமீது போய் நின்றது. இதைக் காட்டினால் அக்காவின் வேலை பிழைக்கும், குழந்தை பட்டினி கிடக்கும். கையை எடுத்துக்கொண்டாள். கீழே வண்டி நின்றது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றதுபோல இருந்தது. பிறகு மணி அடிக்காமல் கிளம்பிக் கடைசி நிறுத்தத்தை நோக்கிப் போய்விட்டது. இனி அது திரும்பி வரும்போதுதான்.

கத்தியை எடுத்துக் களியில் இறக்கினாள். களி கத்தியைக் கவ்விக்கொண்டு பிசுபிசுவென்று சிதைந்தது. அப்போதுதான் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிய வெள்ளை நூல் கண்ணில் பட்டது. அக்கா கத்தியைத் தொடுவதே இல்லையே! நூலை எடுத்து இரண்டு முனைகளையும் விரல்களில் சுற்றி, களிக்கு அடியில் நுழைத்தாள்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு அலறல். டிபி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துத் தொங்கினான். "என்னோடது! என்னோடது!"

"தங்கம், இது விளையாட்டுச் சாமான் இல்லடா..."

"அவனோட முனை சித்தி அது," என்றாள் ஸ்மரந்தா, ஊறுகாயை மென்றபடி. "ஒரு முனை அம்மாவுக்கு, ஒரு முனை அவனுக்கு. அவன் இழுத்தாத்தான் களி அறும்."

"இத ஏண்டி ரெண்டு நாளா சொல்லல?"

"நீ எங்க நூலையே எடுத்தே? கஞ்சிக்கு எதுக்கு நூலு?"

இலிங்கா ஒரு முனையை அவிழ்த்து நீட்டினாள். டிபி முக்காலியில் ஏறினான். நூலைச் சின்ன விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான், தினமும் அலுவலகம் போகிறவன் தொப்பி போடுகிற தோரணையில். "ஒண்ணு, ரெண்டு, மேல," என்றான். இருவரும் தூக்கினார்கள். நூல் அடியிலிருந்து களியைக் கிழித்துக்கொண்டு ஏறி வந்தது. நிலா இரண்டாகப் பிளந்தது. அறுத்த முகம் கண்ணாடிபோல வழவழவென்று மின்ன, உள்ளே அடைபட்டிருந்த ஆவி குப்பென்று எழுந்து இருவர் முகத்தையும் நனைத்தது.

இலிங்காவுக்கு இப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் கதவோரம் நின்று பார்த்தபோது அக்காவின் முதுகு இதை மறைத்திருக்கிறது. அக்கா ஒண்டியாகச் செய்து முடிக்கிறாள் என்றல்லவா வியந்துகொண்டிருந்தாள்! ஊறுகாய் ஜாடியை மேசைக்குக் கொண்டுவந்தது யார்? ஸ்மரந்தா. முட்டையை எண்ணி எடுத்துக் கொடுப்பது? அதுவும் அவள்தான். களியை அறுப்பது டிபி. நாள் முழுக்க ஊரையே ஏற்றி இறக்கிவிட்டு வருகிறவள், அடுப்புச் சூடாவதற்குள் இரண்டு சின்னக் கைகளுக்கும் வேலை பிரித்துக் கொடுத்து, இந்தச் சாப்பாட்டைத் தாங்களே செய்ததாக அவர்களை நம்ப வைத்திருக்கிறாள். அதைத்தான் 'என்னத்த செஞ்சுட்டேன்' என்கிறாள்.

டிபி தான் அறுத்த துண்டைப் பாலேட்டில் புரட்டி வாயில் திணித்தான். அடுத்ததை அறுத்தான், தின்றான். ஸ்மரந்தாவுக்கு ஒன்று அறுத்துக் கொடுத்தான். சித்தியின் தட்டில் ஒன்றை வைத்து, "சாப்பிடு," என்று அதட்டினான்.

தண்டவாளம் மறுபடி கிரீச்சிட்டது. பலகையில் இன்னும் ஒரு துண்டு மிச்சம்.

"சீக்கிரம்டா!" என்று கத்தினாள் ஸ்மரந்தா. ஆளுக்குப் பாதியாகப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டு, மஞ்சள் பருக்கைகள் ஒட்டியிருந்த பலகையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். டிபிதான் பிடிப்பேன் என்றான். இலிங்கா அவனைத் தூக்கி நிறுத்தினாள்.

கீழே வெளிச்சம் நிறைந்த வண்டி வந்து நின்றது. பையும் குடையுமாகச் சனங்கள் அவரவர் சாப்பாட்டுக்கு இறங்கிப் போனார்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சட்டை. அந்த முகம் மேலே நிமிர்ந்தது. அசையவில்லை. பிறகு ஒரு கை மேலெழுந்து வாயைப் பொத்திக்கொண்டது.

மணி அடித்தது. ஒரு முறை, இன்னொரு முறை. வண்டி கிளம்பிய பிறகும், திருப்பம் தாண்டிய பிறகும் அடித்துக்கொண்டே போனது.

டிபி வாய் நிறையக் களியோடு கண்ணாடியில் முகத்தை அழுத்திச் சொன்னான்:

"நான்தான் அறுத்தேன்!"