தாலிக்கொடியை விற்று வாங்கிய கேமரா

ஆட்டையாம்பட்டி கடைவீதியில் மயில்சாமி ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். படம் எடுப்பது மட்டும்தான் அவன் வேலை. பிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது, நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்துத் தழும்பை மறைப்பது எல்லாம் அவன் மனைவி சென்னியம்மாளின் பாடு. இருட்டறைக்குள் கெமிக்கலில் ஊறி ஊறி அவள் நகங்கள் பழுப்பேறிக் கிடந்தன.

எண்பத்து நான்காம் வருஷம் அவன் பாப்பாயி என்றொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்தான். சென்னியம்மாள் ஸ்டுடியோவுக்கே போய் நியாயம் கேட்டாள். அவன் அவளுக்குப் பதில் சொல்லாமல், படம் எடுக்க உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னான்.

“இருட்டுல காயிதம் கழுவறதுக்கு எந்தக் கூலியாளும் வருவா. இவ போனாப் போறா, உடுங்க.”

அவர்கள் சிரித்தார்கள். அவன் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்குள் தங்கியது.

ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி வைத்திருந்த அண்ணன் கந்தப்பன் வீட்டில் போய்த் தங்கினாள். தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குச் சேலத்திலிருந்து வீடியோ எடுக்க வந்தார்கள். சனமெல்லாம் அந்த வெளிச்சத்தை நோக்கியே முண்டியது. போட்டோ எடுக்க வந்தவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். அவன் நின்ற இடத்தில் மயில்சாமியை மனசுக்குள் நிறுத்திப் பார்த்தாள். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

தாலிக்கொடியை விற்கப் போவதாக அவள் சொன்னபோது கந்தப்பன் பதறிப்போனான்.

“கட்டுனவன் உசுரோட இருக்கறப்பக் கொடியக் கழட்டுனா ஊரு என்னம்மிணி பேசும்?”

“பேசட்டுங்ண்ணா. கழுத்துல கெடந்து இது எனக்கு ஒண்ணும் பண்ணல. வித்தா அவனுக்கு எதாச்சும் பண்ணும்.”

புதுக் கேமராவுக்கு அந்தத் தங்கம் போதாது. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய தண்டாயுதபாணி என்பவர் சேலத்தில் பழைய வீடியோ கேமரா ஒன்றை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு அண்ணனோடு போனாள். தோளில் கேமரா, இடுப்பில் தொங்கும் ரெக்கார்டர் என்று இரண்டு உருப்படி. ஜூம் இறுகிப்போயிருந்தது. பேட்டரி செத்துவிட்டது. அதனால்தான் அவளுக்குக் கட்டும் விலைக்கு வந்தது. ஜூம் நகராவிட்டால் நான் நகர்ந்துகொள்கிறேன் என்று வாங்கிவிட்டாள்.

லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் ரங்கன், பழைய லாரி பேட்டரியிலிருந்து ரெக்கார்டருக்கு இணைப்புக் கொடுத்தான். தகரக்காரர் ஒருவர் ஹாலஜன் பல்புக்குப் பெட்டி அடித்துக் கொடுத்தார். எடுத்த படத்தை வெட்டி ஒட்ட மெஷின் கிடையாது. ஆகவே எதை எப்போது எடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று மனசுக்குள் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து எடுக்கப் பழகினாள். வெறுங்கழுத்தோடு மணமேடைப் பக்கம் போக முடியாது என்பதால் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். அது தொழிலுக்காக.

பிறகு வேட்டையைத் தொடங்கினாள். மயில்சாமி போட்டோவுக்கு அச்சாரம் வாங்கிய வீடுகளாக விசாரித்துப் போய், குறைந்த கூலிக்கு வீடியோ எடுத்துத் தருவதாகப் பேசினாள். பொம்பளை என்பதால் பெண் அலங்காரம் நடக்கும் அறைக்குள்ளும் அவளை விட்டார்கள். அங்கே அவனால் எட்டிப் பார்க்கவும் முடியாது. முகூர்த்த நேரத்தில் அவன் எங்கே நிற்பானோ அங்கே முன்கூட்டியே போய் நிற்பாள். ஒருமுறை மாப்பிள்ளையின் தாய்மாமன் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்:

“போட்டோக்காரரே, கொஞ்சம் தள்ளுங்க. வீடியோவுல உங்க முதுகுதான் உழுகுது.”

மயில்சாமி தள்ளி நின்றான். சனம் சிரித்தது. அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ஒரு சிரிப்பையும் தவறவிடாமல் காதில் வாங்கிக்கொண்டாள்.

எண்பத்தெட்டில் மயில்சாமி ஸ்டுடியோவை மூடிவிட்டான். கைக்குழந்தையோடு பாப்பாயி சிரமப்படுவதாகச் சேதி வந்தது. ஒருநாள் அவனே ஜலகண்டாபுரம் வந்தான். கேமராவைப் பாதி நாள் தனக்கு வாடகைக்கு விடச் சொல்லிக் கேட்டான். அவள் பழையபடி மரியாதையாகவே பேசினாள்.

“கேமரா தரமாட்டனுங்க. லைட்டுப் புடிக்க ஆள் வேணும். அதுக்கு வேணா வாங்க.”

முகம் கறுத்து எழுந்து போனவன், அந்த வாரக் கடைசியில் திரும்பி வந்தான்.

தகரப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒயர் கால்களில் சிக்க, அவள் கை காட்டிய பக்கமெல்லாம் நடந்தான். சூடு தாங்காமல் கை தாழ்ந்தால், “இன்னுங் கொஞ்சம் மேலங்க” என்பாள். மேச்சேரி கல்யாணத்தில் ஒரு பெரியவர் அவனை அடையாளம் கண்டு, ஆட்டையாம்பட்டி ஸ்டுடியோக்காரர்தானே என்று கேட்டார். அவன் வெளிச்சத்தை மணமேடைப் பக்கம் திருப்பினான்.

“இப்ப நம்ம லைட்டுக்காரருங்க” என்றாள் சென்னியம்மாள்.

மறுநாள் அவன் வரவில்லை. பாப்பாயியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டுப் பக்கம் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. இனியாவது மனசு ஆறியதா என்று கந்தப்பன் கேட்டான். அவள் கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆறிப்போச்சுங்ண்ணா. ஆனா இந்த வைகாசி முகூர்த்தமெல்லாம் முடியற வரைக்கும் அவன் லைட்டோட நின்னிருக்கலாம்” என்றாள்.