எட்டாவது உலகத்துக் கோட்டை

எங்கள் காமயகவுண்டன்பட்டி வீட்டுக்கு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்தது சித்திதான். வேலை பார்த்த காலத்தில் அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. ஜெயமங்கலத்துக்குக் கல்யாணமாகிப் போனவள், ஒரே வருடத்தில் ஒரு துணிப்பையும் அந்தப் பெட்டியுமாகத் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்பது வயதுக்காரிக்கு விளையாட ஆள் கிடைத்ததே, அது போதாதா?

பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்த விளையாட்டு அது. இரண்டு பேர் சேர்ந்து பலகைக்குப் பலகை தாவி, ஒவ்வோர் உலகத்தின் முடிவிலும் ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும். பயமாக இருந்தால் ஒரு பட்டனை அழுத்திக் குமிழிக்குள் போய்விடலாம். குழியில் விழுந்தாலும் குமிழியாகத்தான் திரும்பி வருவோம். கூட்டாளி தொட்டு உடைத்துவிட வேண்டும். நான் பாதி நேரம் குமிழிக்குள்தான் இருப்பேன். சித்தியோ எட்டாவது உலகத்து நெருப்புக் குழியைக்கூட என்னோடு பேசிக்கொண்டே தாண்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தப்பாவும் அவர் வீட்டுப் பெரியவர்களும் சித்தியைக் கூட்டிப்போகக் காரில் வந்தார்கள். விளக்கு வைத்துவிட்டால் வீட்டுப் பெண்ணை அனுப்புவதில்லை. விடிந்தால் திருப்பூரிலிருந்து மாமா வந்துவிடுவார். அவர் தங்கையை விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் வந்தவர்களுக்கு ஒரே அவசரம். எனக்கு வேறு அவசரம். கடைசிக் கோட்டையை முடிக்காமல் சித்தி போய்விட்டால் என் கதி என்ன?

அம்மா கதவருகே வந்தாள். “எந்திரிடி. அங்கன எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக.”

“பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்க்கா. இந்தக் கோட்டைய முடிச்சதும் வாரேன்னு சொல்லு” என்றாள் சித்தி.

கூடத்தில் சித்தப்பா சிரித்தார். “சரி, பிள்ள ஆசைக்கு முடிக்கட்டும்.”

சித்தி நெருப்புக் குழியில் விழுந்தாள். குமிழியை உடைத்துவிட்டேன், மறுபடி விழுந்தாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால் விழாமல் என்ன செய்வாள்? வெளியே திராட்சைப் பந்தல்மேல் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. “நேரமாகுது” என்று கூடத்தில் யாரோ சொன்னார்கள். என் கை வேர்த்து ரிமோட் வழுக்கியது.

“ஒழுங்கா வெளையாடு சித்தி!” என்று அழாத குறையாகக் கத்தினேன்.

“இன்னொரு தடவ, கண்ணு.” அவள் குரலும் சரியாக இல்லை.

இவளை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டினேன். அடுத்த முறை அவள் விழுந்து குமிழியாக மிதந்து வந்தபோது நான் உடைக்கவே இல்லை. முதல் தடவையாகத் தனியாகவே குழியைத் தாண்டினேன். காவல் பூதத்தின் தலையில் மூன்று மிதி. திரையெல்லாம் வாணவேடிக்கை.

“கோட்டைய முடிச்சாச்சு! சித்தி இனிமே வரலாம்!” என்று கூடத்துக்கு ஓடினேன். சித்தப்பா மணியைப் பார்த்துவிட்டு எழுந்தார். விளக்கு வைக்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அம்மா என்னைப் பார்த்து முறைத்தாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

சித்தி என் தலையைத் தடவி, “நல்லா வெளையாடுன” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். சித்தியால் அந்தக் குழியைத் தாண்டவே முடியவில்லை, நான்தான் அவளைக் காப்பாற்றிக் கரைசேர்த்தேன் என்று.