கழற்றாத மாலை

முருகனுக்கு விரதம் இருப்பதில் எங்கள் மன்னவனூர் ஆண்களை மிஞ்ச ஆள் கிடையாது. கார்த்திகையில் மாலை போடுவார்கள். பச்சை வேட்டி, வெறுங்கால், விடியுமுன் அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர்க் குளியல். தைப்பூசத்துக்கு மலையிறங்கிப் பழனிக்கு நடப்பார்கள். சாமி கும்பிட்டுவிட்டு மாலையைக் கழற்றுவார்கள். அடிவாரத்துக்கு இறங்கிய கையோடு முதல் வேலை என்ன என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இரண்டு மாதம் பட்டினி போட்ட வாய்க்குப் பாட்டில் படையல்தான்.

செந்தில்வேலும் இந்தக் கூட்டத்தில் ஒருவன். பூண்டு விவசாயி. உழைப்பில் குறை சொல்ல முடியாது. குடித்துவிட்டால் மனிதனே இல்லை. போன வருடம் ரத்த வாந்தி எடுத்துத் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "இனிமே ஒரு சொட்டு உள்ள போனா, இங்க கூட்டிட்டு வர வேண்டிய அவசியமே இருக்காதும்மா" என்று டாக்டர் அவன் மனைவி ராஜகுமாரியிடம் சொல்லி அனுப்பினார்.

அந்தக் கார்த்திகையில் மாலை போட்டவன், தைப்பூசத்தில் கழற்றவில்லை. கூட வந்தவர்கள் எல்லாரும் கழற்றிக்கொண்டிருந்தபோது இவன் மட்டும் கழுத்தைப் பொத்திக்கொண்டு படியிறங்கி, ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

ஊர் சிரித்தது. "என்ன சாமி, அடுத்த பூசத்துக்கும் இதே மாலைதானா?" என்று கேட்டார்கள். கிண்டல் செய்தவர்களும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் நம்பியது அதைத்தான். மாலை போட்டவனை யாரும் குடிக்க அழைக்க மாட்டார்கள். டீக்கடைக்குப் பின்னால் வைத்துக் கள்ளத்தனமாகப் பாட்டில் விற்கும் கந்தவேல் இருக்கிறானே, அவனே மாசியில் ஒரு நாள் இவன் பாட்டில் கேட்டு வந்து நின்றபோது பெரிய கும்பிடாகப் போட்டான்.

"மாலை போட்ட ஆளுக்குக் குடுத்தா என் குடும்பம் வெளங்குமா சாமி? வெரசாப் போயிருங்க."

மனிதன் செத்தால் கந்தவேலுக்குப் பயமில்லை. மாலைக்குத்தான் பயம்.

பங்குனி போனது, வைகாசி போனது. வீட்டில் அடி இல்லை, கூச்சல் இல்லை. அக்கம்பக்கத்தார் ராஜகுமாரியைப் பார்த்து, கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவளுக்கு மட்டும் நிம்மதி இல்லை. மாலைதான் அவனைப் பிடித்து வைத்திருந்தது, அவன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆடியில் அவன் அண்ணன் மணியன் செத்துப்போனான். அதே குடி, அதே ரத்த வாந்தி.

சாவு வீட்டு வாசலில் சித்தப்பா இராமலிங்கம் அவனை மறித்தார். "ஏலே செந்திலு, தீட்டு. மாலையக் கழட்டிட்டு உள்ள வா."

"கழட்ட மாட்டேன் சித்தப்பா."

"கூடப் பொறந்தவன் பொணமாக் கெடக்கான். ஒனக்கு மாலை பெருசாப் போச்சா?"

பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இராமலிங்கமே அவன் கழுத்திலிருந்து மாலையை எடுத்து, கோயிலில் சேர்க்கச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தார். செந்தில்வேல் தரையில் விழுந்து கதறினான். அண்ணன் மேல் என்ன பாசம் என்று ஊரே உருகியது. அவன் அழுதது அண்ணனுக்காக இல்லை என்பது ராஜகுமாரிக்கு மட்டும் புரிந்தது.

குழி வெட்டியவர்களுக்குப் பாட்டில் வாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குடித்துச் செத்தவன் சாவுக்கும் அதையே செய்தார்கள், ஒருவருக்கும் கூசவில்லை. அடக்கம் முடிந்ததும் கந்தவேல் டம்ளரை நீட்டினான். காலைவரை சாமி என்று கூப்பிட்ட அதே வாய்.

"இந்தா செந்திலு, இப்பத்தான் ஒரு தடையும் இல்லையே."

இவன் கை நீண்டது. விரல் டம்ளரைத் தொட்டது. தட்டிவிட்டானா, கை தவறியதா என்று பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எழுந்து வீட்டுக்கு ஓடினான் என்பது மட்டும் நிச்சயம்.

ராஜகுமாரி அப்போதுதான் தலை முழுகிவிட்டு நின்றாள். அவன் நேராகப் பூண்டு காயவைக்கும் அறைக்குள் போனான்.

"வெளிய பூட்டிரு. நான் கத்துனாலும் தொறக்காத."

"பூட்ட மாட்டேங்க."

"பூட்டுடி!"

"பூட்டுனா, பூட்டு இருக்கற வரைக்கும் இருப்பீங்க. தொறந்ததும் போயிருவீங்க. மாலை கழண்டதும் விழுந்து கதறுனீங்களே, இதுக்குத்தான?"

கதவைத் திறந்தே விட்டுவிட்டு, ஈரப் புடவையோடு வாசலில் உட்கார்ந்தாள். அவன் எழுந்து போனால் மறிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே அவன் கும்பிட்டான். இத்தனை வருடமும் மழைக்கும் பூண்டு விலைக்கும் முருகனை நச்சரித்தவன், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"முருகா, எனக்குக் குடிக்கணும். அண்ணனுக்குப் போட்ட மண்ணு இன்னும் கையில ஒட்டிக் கெடக்கு, அப்பவும் குடிக்கணும்போல இருக்கு. என்னால ஏலல."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அழுதான், சுவரில் முட்டிக்கொண்டான், மறுபடி சொன்னான். தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது.

பொழுது சாயும்போது வெளியே வந்தான். உடம்பெல்லாம் வேர்வை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு?" என்று கேட்டாள் ராஜகுமாரி.

"தெரியல. நாளைக்கும் இதையேதான் சொல்லிப் பாக்கணும்."

கற்பூரம் அணைத்தும், பெற்ற பிள்ளை தலையில் கை வைத்தும் அவன் செய்த சத்தியங்களில் ஒன்றைக்கூட அவள் நம்பியதில்லை. இதை நம்பினாள். நம்பியதால்தான் அவளுக்கு அப்படி ஓர் அழுகை வந்தது.