அடுப்பு ஸ்டாண்டும் நீலச் சட்டியும்

அன்று சிவாஜிநகர் பழைய பாத்திரக் கடையில் நான், என் மனைவி, கடைக்கார பாய், ஆக மூன்று பேர்தான். என் பைக்குள், நீலசந்திராவில் இருக்கும் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பின்மேல் பாத்திரம் வைக்கும் ஸ்டாண்டு ஒன்றும் இருந்தது.

மனைவிக்கு எனாமல் பூசிய கனத்த வார்ப்பிரும்புச் சட்டி வேண்டும். வேலைக்குப் போகும் வீட்டில், அப்படியொரு சட்டியில் கறி அடிப்பிடிக்காமல் வெந்ததைப் பார்த்துவிட்டாள். எனக்கோ அந்தக் கனத்தை எங்கள் அடுப்பு தாங்குமா, குழம்போடு சாய்ந்து அவள்மேல் கொட்டிவிடுமோ என்று தூக்கமே இல்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கணக்குப் போட்டுப் பார்க்க வராது. அதனால் அடுப்பின் இரண்டு ஸ்டாண்டில் ஒன்றைக் கழற்றியே கொண்டுவந்துவிட்டேன்.

அதைத் தரையில் வைத்ததும் பாய் சிரித்தார். "என்னண்ணா, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"செருப்பு வாங்கப் போனா வீட்டுத் தரையப் பேத்து எடுத்துட்டு வர்ற ஆளு பாய் இவரு," என்றாள் மனைவி.

சிவப்புச் சட்டி ஸ்டாண்டில் ஆடியது. பச்சைச் சட்டிக்குள் எனாமல் பெயர்ந்திருந்தது. சில்லு வயிற்றுக்குள் போனால்? நீலச் சட்டி அசையாமல் உட்கார்ந்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன், ஸ்டாண்டு வளையவில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்கணுமே!

ஆனால் கையிலிருந்த காசு போதவில்லை. "மீதிய அப்புறம் குடுங்க. அதுவரைக்கும் இந்த ஸ்டாண்டு இங்கயே இருக்கட்டும்," என்றார் பாய்.

ஆக, சோதித்துப் பார்த்த ஸ்டாண்டு கடையிலேயே தங்கிவிட்டது. வீட்டில், சோதிக்காத இன்னொரு ஸ்டாண்டின்மேல் கறி கொதிக்க, நான் பக்கத்திலேயே காவல் நின்றேன். சட்டி ஆடவே இல்லை. கறி பஞ்சாக வெந்திருந்தது.

பாய்க்கு இன்னும் நூற்றிருபது ரூபாய் பாக்கி.