சங்கு ஊதியதும் சோற்றைப் பிரித்தோம்

போன மாதம் எனக்கும் மல்லிகாவுக்கும் ஒரே நாளில் வார விடுமுறை கிடைத்தது. கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபின் இது அபூர்வம். நான் உதிரிபாகக் கம்பெனி, அவள் செல்போன் கம்பெனி, ஷிஃப்ட் பெரும்பாலும் ஒத்துவராது. கெலவரப்பள்ளி அணையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதால், மலை இடுக்கில் கைவிடப்பட்ட கல்குவாரி ஊர் ஒன்றுக்குப் போகலாம் என்றேன். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம்.

உத்தனப்பள்ளி வரை பைக்கில் அரை மணி நேரம். டீக்கடைக்காரர் வழி சொன்னார். “அங்க என்னாங்க இருக்குது? போறதுன்னா மத்தியானத்துக்குள்ள எறங்கிருங்க.” வெயிலைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மண்பாதை முடியும் இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். மேலே வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். கதவு, ஜன்னல், கூரை எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு சுவரில் ரேஷன் கடை நேரம் மட்டும் மிச்சம். ஊர் முடிகிற இடத்தில், பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரிய குழி. அதற்குப் பின்னால் செங்குத்தாக அறுத்த பாறைச் சுவர்.

“ஏங்க, ஆளே இல்லாத எடத்துல இலை மேல இம்புட்டு புதுத் தூசி எப்படி?” என்றாள் மல்லிகா. லாரி ரோட்டிலிருந்து வரும் என்று பெரிய மேதாவிபோல விளக்கினேன். உள்ளுக்குள் எனக்கும் அந்த இடம் பிடிக்கவில்லை.

அப்போதுதான் எங்கோ சங்கு ஊதியது. எங்கள் கம்பெனிச் சங்கு போலவே. எங்களுக்கோ சங்கு ஊதினால் பசிக்கும். நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவள் கை கழுவக் குழிக்குள் இறங்கினாள். சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மட்டும் ஒரே திசையில் ஓடின. ஆடு மேய்த்த பெண் கீழிருந்து கையை வீசிக் கத்தினாள். நானும் கையை வீசி, “வாங்கக்கா, சாப்பிடலாம்” என்றேன்!

மூச்சிரைக்க ஓடி வந்தாள். “பாறைக்குப் பின்னாடி குவாரி ஓடுது சார்! வேட்டு வெக்கிறாங்க! சங்கு ஊதினா எந்திரிச்சு ஓடணும், நீங்க ஒக்காந்து சோத்தப் பிரிக்கிறீங்களே! இன்னொருக்கா ஊதினா வெடிச்சிரும்!”

“மல்லிகா!” என்று அலறினேன். பாறை என் குரலைத் திருப்பி அடித்தது. அவள் நிமிர்ந்து, வருகிறேன் என்று சிரித்தபடி ஈரக் கையை ஆட்டினாள். இரண்டாம் சங்கு ஊதியது.

“மேல வரச் சொல்லாத! கல்லுக்கு அடியில படுக்கச் சொல்லு!” அந்த அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு இறங்கினேன். மல்லிகாவை இழுத்து, அறுத்துப் போட்டிருந்த பெரிய கல்லின் அடியில் தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டேன். தரை குலுங்கியது. பிறகு கல்மழை. தண்ணீரில் பொத்துப் பொத்தென்று விழுந்த சத்தம் நிற்கும்வரை அவள் என் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மேலே வந்தபோது அந்த அக்கா சுவரோரம் முழங்கையில் ரத்தத்தோடு நின்றாள். எங்களைக் கண்டதும் திட்ட ஆரம்பித்தாள் பாருங்கள், தெலுங்கிலும் தமிழிலும். மல்லிகா துப்பட்டாவைக் கிழித்து அவள் கையில் கட்டினாள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் டிபன் பாக்ஸ் நசுங்கி, சோறெல்லாம் மண்ணில் கிடந்தது.

போகிறவர்களுக்கு: போகாமலிருப்பதே நல்லது. போயே தீருவீர்கள் என்றால், பக்கத்துக் குவாரியின் காவலாளியிடம் வேட்டு நேரம் கேளுங்கள். போன் சிக்னல் கிடையாது. ஆடுகள் ஓடினால் கூடவே ஓடுங்கள்.

மறுநாள் இருவருக்கும் பகல் ஷிஃப்ட். என் கம்பெனியில் மதியச் சங்கு ஊதியது. எல்லாரும் கேண்டீனுக்குப் போனார்கள். இடைவேளையில் மல்லிகாவுக்கு போன் செய்து சாப்பிட்டாயா என்றேன்.

“இல்லங்க,” என்றாள். “சங்கு ஊதுச்சு, மேசைக்கு அடியில பூந்துட்டேன். எல்லாரும் சிரிக்கிறாங்க.”

நான் சிரிக்கவில்லை. மெஷினுக்கு அடியிலிருந்துதான் பேசிக்கொண்டிருந்தேன்.